சதாசிவம் வழக்கைத் தேடிப் படிப்போர்க்கு

கட்டைபறிச்சான் போன்ற சிற்றூரிலிருந்தும் இன்று கைத்தொலைபேசி வாயிலாகப் பழைய கொலைவழக்குகளைத் தேடிப் படிக்கலாம். அவற்றுள் ஒன்று சதாசிவம் வழக்கு.

1951ஆம் ஆண்டு ஒக்ரோபர் 9ஆம் நாள், கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்தின் மனைவி கொழும்பிலே தம் இல்லத்திற் கொலையுண்டு கிடந்தார். கணவர் கைதானார், வீட்டு வேலையாளோ மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார்.

சதாசிவம் வீட்டைவிட்டுச் சென்றது முற்பகல் 10.30 மணியளவில். மரணம் அதற்கு முன்னரா, பின்னரா என்பதே பெருவினாவாயிற்று. உயிர் நீங்கிய உடல் சிறிது சிறிதாகக் குளிரும். அவ்வெப்பத்தை அளந்து மரணநேரத்தை மதிப்பிடலாம். ஆயினும், கடிகாரம் போல நிமிடத்தைக் காட்ட அதனால் இயலாது. எதிரிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோப் பேராசிரியர் சேர் சிட்னி சிமித் சாட்சியம் அளித்தார். 1953 ஜூன் 25இல் ஜூரிமார் ஒருமனதாகச் சதாசிவத்தைக் குற்றவாளியல்லர் என்றனர்.

தேடுவோர்க்கு வதந்தி எளிதிற் கிட்டும். சாட்சியத்தையும் தீர்ப்பையும் முயன்றே பெறவேண்டும். விடுதலை பெற்றவரைக் கொலைஞர் என்பது அநீதி. எதிரியாக நின்று விளக்கம் எதிர்கொள்ளாத வேலையாள்மீது பழியைச் சுமத்துவதும் அத்தகையதே. நமக்கு இது சுவையான வழக்கு. தாயை இழந்த பெண்மக்கள் நால்வர்க்கோ ஆறாத துயரம்.