காதலுக்கு எந்தப் பூ?

குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே ஒரு பூப்பரிசு திருப்பி அனுப்பப்படுகிறது. தலைவன் கொண்டுவந்த செங்காந்தளைத் தோழி வாங்க மறுக்கிறாள். எங்கள் மலையிலும் இது நிறையவே இருக்கிறது என்பது அவள் சொல்லும் காரணம். பாடியவர் திப்புத்தோளார். காதலர்க்கு இன்றைக்கும் அவள் சொல்லில் பாடம் உண்டு: காதலிக்கு எது அரிது, எது பிடிக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிப்ரவரி வந்தால் எல்லோரும் சிவப்பு ரோஜாவைத்தான் தேடுகிறார்கள். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் விளையும் 'தாஜ்மஹால்' ரகம் வெளிநாடுகளுக்கும் விமானம் ஏறுகிறது. உள்ளூரில் விலையும் ஏறிவிடும். வாங்கும்போது மொட்டின் அடிப்பகுதியை மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் புதுப்பூ, தொளதொளவென்றால் பழசு. வீட்டில் காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டால் பல நாள் தாங்கும்.

தலையில் பூ வைக்கப் பிடித்தவளுக்கு மல்லிகையை மிஞ்சியது இல்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் இதழ் தடிப்பானது; மணம் நீடித்து நிற்கும். விடியலில் பறித்த மொட்டு மாலையில்தான் விரியும் என்பதால், மலர்ந்த சரத்தை விட வெள்ளை மொட்டாகக் கட்டியதையே கேட்டு வாங்க வேண்டும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறும்போது, ஒரு முழம் கிடைத்தாலும் போதும்.