பாதாள ரயில் வந்தாயிற்று; தாராவிக்கு என்ன கிடைத்தது?

தாராவி அமைந்திருக்கும் இடமே ஒரு வேடிக்கை. மேற்கே மாகிம் ஸ்டேஷன். கிழக்கே சயான் ஸ்டேஷன். ஒரு புறம் மேற்கு ரயில்வே, மறுபுறம் மத்திய ரயில்வே. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே லட்சக்கணக்கான ஜனங்கள். இத்தனை இருந்தும், தாராவி என்று பெயர்ப்பலகை மாட்டிய ரயில் நிலையம் ஒன்றுகூட இருந்ததில்லை. 90 அடி சாலையில் குடியிருப்பவர் வண்டி பிடிக்க வேண்டுமானால் மாகிமுக்கு நடக்க வேண்டும். இல்லையேல் சயானுக்கு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி அந்தக் குறை நீங்கியது. பாந்திரா - குர்லா வளாகத்திலிருந்து மித்தி ஆற்றுக்கு அடியில் நுழைந்து வரும் மெட்ரோ ரயில், அன்றுமுதல் ‘தாராவி’ என்ற நிலையத்தில் நின்று புறப்படுகிறது. மும்பையின் முதல் பாதாள ரயில் பாதை இது. மெட்ரோ மூன்றாம் பாதை என்று பெயர். தெற்குக் கோடியில் கஃப் பரேடில் தொடங்கி, சி.எஸ்.எம்.டி., மும்பை சென்ட்ரல், ஒர்லி, தாதர், தாராவி, பி.கே.சி., விமான நிலையம், சீப்ஸ் வழியாக ஆரே வரை 33.5 கிலோ மீட்டர். மொத்தம் 27 நிலையங்கள். ஆரே ஒன்றுதான் தரைமேல் இருக்கிறது. மற்ற 26ம் பூமிக்கு அடியில்.

ஒரே நாளில் திறக்கப்பட்ட பாதை அல்ல. ஆரேயிலிருந்து பி.கே.சி. வரை 2024 அக்டோபரில் ஓடியது. 2025 மே மாதம் ஒர்லி ஆச்சார்ய அத்ரே சௌக் வரை நீண்டது. அக்டோபர் 9ஆம் தேதி கஃப் பரேட் வரை முழுப் பாதையும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு 23,136 கோடி ரூபாய். முடியும்போது கணக்கு 37,000 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் பெரும்பங்கு ஜப்பானிடம் வாங்கிய கடன்.

இது ரூபாய்க் கணக்கு. தெருவில் இருந்தவர்கள் செலுத்திய கணக்கு வேறு.

தகர வேலிக்குப் பின்னால்

பாதாள ரயில் என்றதும் எல்லாம் பூமிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுரங்கத்தைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மைதான். ராட்சத எந்திரத்தை ஒரு குழிக்குள் இறக்கிவிட்டால், அது பாறையைக் குடைந்துகொண்டே போய் இன்னொரு குழியில் வெளிவரும். இந்தப் பாதைக்கு 17 எந்திரங்கள் வேலை செய்தன. கோதாவரி, கிருஷ்ணா என்று ஆறுகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். மும்பைக்குக் குடிதண்ணீர் தரும் வைதர்ணா, தான்சா பெயர்களும் பாறை குடையப் போயின. 2022 நவம்பர் 30ஆம் தேதி குடையும் வேலை முடிந்தது.

ஆனால் ஸ்டேஷனை அப்படிக் கட்ட முடியாது. மேலிருந்துதான் குழி தோண்ட வேண்டும். அந்தக் குழிக்கு இடம் நடுரோடுதான். மாகிமில் எல்.ஜே. ரோடு, தாதரில் கோகலே ரோடு, ஒர்லியில் அன்னி பெசன்ட் ரோடு, கிர்காவில் ஜகன்னாத் சங்கர்சேட் ரோடு என்று, எப்போதும் நெரியும் சாலைகளின் வயிற்றைக் கிழித்தார்கள். 2017 வாக்கில் தகர வேலி வந்தது. போக்குவரத்துக்கு எஞ்சியது ஓரமாக ஒரு சந்து. அதில் பெஸ்ட் பஸ், டாக்சி, கைவண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போக வேண்டும்.

வேலிக்குப் பின்னால் அகப்பட்ட கடைக்காரர் நிலையை எண்ணிப் பாருங்கள். கடை இடிக்கப்படவில்லை, ஆகவே நஷ்டஈடும் இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. வாடிக்கையாளர் கண்ணில்தான் படவில்லை. வண்டியை நிறுத்த இடமில்லாத தெருவுக்கு யார் சாமான் வாங்க வருவார்? இரண்டு, மூன்று ஆண்டு என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு, இடையில் 2020இல் கொரோனாவும் வந்து சேர்ந்தது. வேலை நின்றாலும் வேலி நின்றது. வீடு இழந்தவரைக் கணக்கில் எழுத அரசாங்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. எட்டு வருஷம் வியாபாரம் இழந்தவரை எழுதுவதற்குப் பதிவேடு கிடையாது.

இரவில் தூக்கமும் போயிற்று. பாறை உடைப்பதும், பெயர்த்த மண்ணை லாரிகளில் அள்ளிச் செல்வதும் இரவில்தான் தோது. பகலில் லாரி போனால் ஊரே நின்றுவிடும். கஃப் பரேட்வாசிகள் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017இல் இரவு வேலைக்கு நீதிமன்றம் தடை விதித்தது. 2018இல் நிபந்தனைகளோடு தளர்த்தியது. தோபி தலாவ் பக்கம் பார்சிகளின் புனித நெருப்புக் கோயில்களுக்கு அடியில் சுரங்கம் போகக் கூடாது என்று இன்னொரு வழக்கு நடந்தது. அதுவும் 2018இலேயே தள்ளுபடி ஆனது. வக்கீல் வைத்து வாதாட வசதி உள்ளவர்களின் தூக்கமாவது கோர்ட் ஏறியது. குடிசைகளில் தகரக் கூரை அதிர்ந்ததற்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

கிர்காவ், கல்பாதேவியில் பழைய சால் வீடுகள் சில இடிக்கப்பட்டன. ஒண்டுக் குடித்தனமாக மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறின. ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே வட்டாரத்திலேயே புது வீடு கட்டித் தரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அந்த உறுதியை வாங்கிவிட்டார்கள். திட்டம் என்று ஒன்று வந்தால் ஏழையை மாகுலுக்கும் மான்குர்டுக்கும் தூக்கிப் போடும் ஊரில் இது சாமான்யம் அல்ல.

மரங்களுக்காகப் பேசியவர்களுக்கு அவ்வளவு வெற்றி இல்லை. ரயில் பெட்டிகளை நிறுத்தும் பணிமனைக்காக ஆரேயில் 2019 அக்டோபர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய மரவெட்டு, உச்ச நீதிமன்றம் 7ஆம் தேதி நிறுத்தச் சொல்வதற்குள் 2,000 மரங்களைத் தாண்டிவிட்டது. பிறகு ஆட்சி மாறியது, பணிமனை காஞ்சூர்மார்க்குக்கு என்றார்கள். மறுபடி ஆட்சி மாறியது, ஆரேக்கே என்றார்கள். இந்த இழுபறியில் ஓடிய வருஷங்களும் 37,000 கோடிக் கணக்கில் சேர்ந்தவையே.

யாருக்குச் சௌகரியம்?

பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாராவியிலிருந்து சீப்ஸ், மரோல் பக்கம் வேலைக்குப் போகிறவர் முன்பு மாகிமுக்கு நடந்து, அந்தேரிக்கு ரயில் ஏறி, இறங்கி, பஸ்ஸுக்கோ வர்சோவா - காட்கோபர் மெட்ரோவுக்கோ வரிசையில் நிற்பார். இப்போது ஒரே வண்டி. குளிர்சாதனப் பெட்டி, தானே மூடிக்கொள்ளும் கதவு. தொங்க இடமில்லை, தொங்கவும் வேண்டாம். 2025 ஜூன் 9ஆம் தேதி மும்ப்ரா அருகே வாசலில் தொங்கியபடி பயணம் செய்தவர்கள் விழுந்து உயிரிழந்தார்களே, அதை நினைத்தால் மூடும் கதவின் அருமை தெரியும்.

விமான நிலையத்துக்கு இதுவரை நேரடி ரயில் இருந்ததில்லை, இப்போது இருக்கிறது. சித்தி விநாயகர் கோயில் வாசலுக்கும் ரயில் வந்துவிட்டது. கொலாபாவில் ஒரு காலத்தில் ரயில் முனையமே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1930 டிசம்பர் கடைசியில் அதை மூடி, சர்ச்கேட்டோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். 95 ஆண்டு கழித்து அந்தப் பக்கம் மீண்டும் ரயில் போகிறது, இம்முறை பூமிக்குள்ளே. சட்டமன்றம், மந்த்ராலயா, நரிமன் பாயிண்ட் அலுவலகங்களில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, ஷேர் டாக்சிக்கோ பஸ்ஸுக்கோ நிற்காமல் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் குமாஸ்தா இன்று மாட்டுங்காவிலா குடியிருக்கிறார்? டோம்பிவிலியிலும் கல்யாணிலும் அம்பர்நாத்திலும் அல்லவா இருக்கிறார். அவருடைய நெரிசல் மத்திய ரயில்வேயில். மூன்றாம் பாதை அதில் கடைசி இரண்டு மைலை மட்டும் சுலபமாக்கியிருக்கிறது.

அடுத்தது கட்டணம். குறைந்தபட்சம் 10 ரூபாய். ஆரேயிலிருந்து பி.கே.சி. வரை 50, ஆச்சார்ய அத்ரே சௌக் வரை 60, கஃப் பரேட் வரை 70. ஐம்பது ரூபாய்த் தூரம் தினசரி போய்வருகிற ஒருவர், தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், 26 வேலை நாளைக்கு 2,600 ரூபாய் ஆகிறது. மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்பு மாதப் பாஸ் 100 ரூபாயில் தொடங்குகிறது. சர்ச்கேட்டிலிருந்து போரிவலி வரைக்குமே 215 ரூபாய்தான். மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரர் எதில் ஏறுவார் என்று கேட்கவே தேவையில்லை. தாராவி மெட்ரோ நிலையம் திறந்த அதே மே மாதத்தில் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணமும் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக ஏறியது. பஸ்ஸை நம்பி இருந்தவருக்கு இரு பக்கமும் இடி.

தண்ணீரும் ஒரு பாடம் நடத்தியது. அதே மாதம் 26ஆம் தேதி, வழக்கத்துக்கு வெகு முன்னதாகப் பெருமழை கொட்டியதில், ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. கட்டி முடியாத வாசல் ஒன்றின் தடுப்பு உடைந்ததுதான் காரணம். நிலையம் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

ஏற முடியாத குண்டான்

தாராவியில் விடியுமுன்னே அடுப்பு மூட்டும் வீடுகள் எத்தனை! இட்லி அவித்து, மெதுவடை சுட்டு, சட்னி அரைத்து, சாம்பாரை வாளியில் ஊற்றி, குண்டானைத் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றி ஊரெங்கும் விற்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். தூரம் போகிறவர்களுக்கு மின்சார ரயிலில் லக்கேஜ் பெட்டி என்று ஒன்று உண்டு. மீன்கூடைக்காரிகளும் காய்கறி மூட்டைக்காரர்களும் அதில்தான் போவார்கள். இட்லிக் குண்டானும் அதில்தான் போகும்.

மெட்ரோவில் எட்டுப் பெட்டி. லக்கேஜ் பெட்டி என்று ஒன்று கிடையாது. சோதனைக் கருவி, தானியங்கிக் கதவு, நகரும் படிக்கட்டு என்று அமைந்த ஸ்டேஷனுக்குள் கொதிக்கும் சாம்பார் வாளியோடு யாரும் போக முடியாது. பி.கே.சி. கண்ணாடி மாளிகைகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் காலைப் பலகாரம் கொடுக்கும் மனிதர், தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு இந்த ரயிலில் போக முடியாமல் சைக்கிள் மிதிக்கிறார். ரயிலைத் திட்டமிட்டவர்கள் பயணி என்றால் ஒரு தோள் பையும் ஒரு கைப்பேசியும் உள்ள ஆள் என்று எண்ணிவிட்டார்கள்.

வாடகையும் வாசற்படியும்

ஸ்டேஷன் வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும். இது எல்லா ஊருக்கும் பொது. சொந்த மனை உள்ளவருக்கு அது வரவு. வாடகைக்கு இருப்பவருக்கு அது செலவு. தாராவியில் மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் எத்தனையோ பேர். மாதாமாதம் வாடகை கொடுத்து, ஏணிப்படி ஏறி வாழ்கிறவர்கள்.

மெட்ரோவும் பி.கே.சி.யும் ஒரு கூப்பிடு தூரத்தில் என்றாகிவிட்ட தாராவியைத் திருத்தி அமைக்கும் திட்டம் 2022இல் அதானி குழுமத்துக்குப் போயிற்று. அது கேட்ட ஏலத் தொகை 5,069 கோடி. அத்திட்டத்தின் விதி இது: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின் 2011க்குள் வந்த தரைத்தளக்காரருக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. மேல்மாடிக்காரருக்கும் வெளியேதான், அதுவும் வாடகை வீடு.

எட்டு வருஷம் தூசி தின்றதில் தரைத்தளக்காரர், மாடிக்காரர் என்ற பேதம் இருக்கவில்லை. இப்போது ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் வைத்து அந்தப் பேதத்தைப் பிரிக்கிறார்கள். பழைய காகிதம் எதையும் எறிந்துவிடாமல் வைத்திருப்பது நல்லது. ஊருக்குப் போகும்போது அங்கே விட்டு வந்த டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

வெளியே என்றால் எங்கே? அதற்கென்று அரசு ஒதுக்கிய இடங்கள் தேவ்னார் குப்பைமேடு, குர்லா பால்பண்ணை நிலம், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலங்கள். மூன்றாம் பாதையின் 27 நிலையங்களில் ஒன்றுகூட இந்த இடங்களில் இல்லை.