நிதி அமைச்சகமும் குடியானவரும்

ஏரி நிறைந்திருப்பினும், மடைதோறும் முறைப்படி நீர் விடுவோன் இல்லையேல் கடைமடைப் பயிர் கருகுமென்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். தேசத்தின் பொக்கிஷத்திற்கு அத்தகைய நீர்க்கட்டியாக நிற்பது மத்திய நிதி அமைச்சகம். ஏரி நீர்க்கட்டிக்குச் சொந்தமன்று. அவ்வாறே பொக்கிஷப் பணமும் அமைச்சகத்திற்குச் சொந்தமன்று.

சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாதென்று அரசியல் சட்டத்தின் 265-ஆம் ஷரத்து விதிக்கிறது. வசூலாகும் வரிகளில் மாநிலங்களின் பங்கு போக எஞ்சியதும், சர்க்கார் வாங்கும் கடனும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். பார்லிமெண்டின் அனுமதியின்றி அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கலாகாது.

ஒவ்வோர் இலாகாவும் தன் தேவையைக் கணக்கிட்டு அனுப்ப, நிதி அமைச்சகம் அவற்றைப் பரிசீலித்து, வரவுக்குத் தக்கவாறு குறைத்தும் கூட்டியும் வரவு செலவுத் திட்டத்தை வகுக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் திட்டத்தை 1947-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி சமர்ப்பித்தவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். பிப்ரவரி மாதக் கடைசி நாளில் சமர்ப்பிக்கும் வழக்கம் 2017-இல் மாற்றப்பட்டு, பிப்ரவரி 1-ஆம் தேதியாயிற்று. ஏப்ரலில் ஆண்டு பிறக்கும்போதே வேலைகளுக்குப் பணம் கிடைக்கவேண்டுமென்பதே அதன் நோக்கம்.

இதனால் குடியானவருக்கு என்ன என்று கேட்கலாம். நிலவரியும், விவசாய வருமானத்தின் மீதான வரியும் மாநில சர்க்கார்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஆகவே நிலவரி தள்ளுபடி கோரி டில்லிக்கு மனுச் செய்வது வீண். உர மானியமோ மத்திய நிதியிலிருந்து வருவது. 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குறுகிய காலப் பயிர்க்கடனை 7 சதவிகித வட்டிக்குக் கிடைக்கச் செய்ததும் 2006-07-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டமே. எம்மடை எவர் கையில் உள்ளதென்று அறிந்து கேட்பவருக்கே காரியம் கைகூடும்.

கிராம அதிகாரிகள் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயம் மற்றொன்றுண்டு. ஓராண்டிற்கென ஒதுக்கப்பட்ட தொகை மார்ச்சு 31-ஆம் தேதிக்குள் செலவாகாவிடில் அவ்வொதுக்கீடு காலாவதியாகும். பயனாளிகளின் ஜாபிதா மார்ச்சுக் கடைசியில் போய்ச் சேருமாயின், ஒதுக்கிய பணம் இருந்தும் குடியானவர் கைக்கு எட்டாது. எனவே நிலக் கணக்கையும் சாகுபடிக் கணக்கையும் அவ்வப்போது சரிபார்த்து, ஜாபிதாக்களைக் காலத்தில் அனுப்புதல் வேண்டும். மடை திறக்கும் நாளில் வாய்க்கால் தூர்ந்திருந்தால் நீர்க்கட்டியை நொந்து பயனில்லை.