பேயிடம் பேச்சுக் கொடுக்கும் விளையாட்டு

1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' கணினி விளையாட்டில், காட்டுக்கு நடுவே ஒரு பழைய பங்களா. அதன் அறையொன்றில் ஒரு நாட்குறிப்பு கிடக்கும். ஆய்வுக்கூட விலங்குகளைப் பராமரித்த ஒருவர் எழுதியது. முதல் பக்கங்களில் சீட்டாட்டம், சக ஊழியர்கள் என்று சாதாரணப் பேச்சு. பிறகு உடம்பில் அரிப்பு, காய்ச்சல், தீராப் பசி. வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் ஓரிரு சொற்கள்தான் மிஞ்சும். படித்து முடித்ததும் அதே அறையின் அலமாரியிலிருந்து ஒரு நடைப்பிணம் வெளியே வரும். விளையாடுபவர் சுட வேண்டும், அல்லது ஓட வேண்டும். சற்று முன்புவரை யாருடைய மனக்குரலைப் படித்தோமோ, அவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூட வழியில்லை. திகில் விளையாட்டுகளில் உருமாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. மாறிவிட்டவர் மனிதக் கணக்கிலிருந்தே நீக்கப்படுகிறார். இதே கதைக்களத்தைத் தமிழில் செய்தால் வேறொரு முடிவு கிடைக்கும் என்பதும், அதற்கான சரக்கு நம் வட மாவட்டங்களிலேயே கொட்டிக் கிடக்கிறது என்பதும் என் வாதம்.

பாழடைந்த மாளிகை இந்த விளையாட்டுகளுக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1989இல் கேப்காமே வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்', 1992இல் பிரான்சிலிருந்து வந்த 'அலோன் இன் த டார்க்' இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடப்பவை. அன்றைய கணினிகளின் நினைவகம் சிறியது; பெரிய ஊரைக் காட்ட முடியாது, பூட்டிய அறைகளும் சாவிகளும் போதும். ரெசிடென்ட் ஈவிலில் ஒவ்வொரு முறையும் கதவு மெல்லத் திறக்கும் காட்சி பயமுறுத்த மட்டும் வைத்ததல்ல. அடுத்த அறை குறுந்தகட்டிலிருந்து ஏறும்வரை நேரம் கடத்துவதற்கும் அதுவே வழி. இன்று நினைவகப் பஞ்சம் இல்லை. ஆனால் பெருமுதலீடு இல்லாமல் விளையாட்டு உருவாக்கும் நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஆள் பஞ்சம் உண்டு. ஒரு வீட்டை மட்டும் உருவாக்குவது அவர்களால் ஆகிற காரியம்.

மாளிகையில் உருமாறும் பெண் என்றதும் தமிழருக்கு நினைவு வருவது 2005இல் வந்த 'சந்திரமுகி'. 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாள 'மணிச்சித்ரத்தாழ்' படத்தின் வழி வந்தது அது. வேட்டையபுரம் அரண்மனையும், பூட்டிய அறையும், சலங்கைச் சத்தமும் எந்தத் திகில் விளையாட்டுக்கும் பொருந்தும். வேறுபாடு தீர்வில் இருக்கிறது. அப்படி உருமாறும் கங்காவை யாரும் அடித்து வீழ்த்துவதில்லை. அவளுக்குள் பேசும் சந்திரமுகிக்கு என்ன அநியாயம் நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு, அதைச் செய்த வேட்டையன் என்று நம்பவைத்த ஒரு பொம்மையின் மேல் அவள் பழிதீர்த்துக்கொள்ள வழிசெய்கிறார்கள். படம் அதற்கு மனநோய் என்று பெயர் வைத்தாலும், அதன் வழிமுறை நம் கிராமத்துக் கோயில்களில் பழகியதுதான். சாமி வந்து ஆடுபவரிடம் ஊர் கேட்கிற முதல் கேள்வி, 'நீ யாரு, உனக்கு என்ன வேணும்?' ஆடுபவர் வாயால் மறைந்தவர் மனக்குறை சொல்வார், படையல் கேட்பார், ஊர் தரச் சம்மதிக்கும். மகாசிவராத்திரியை ஒட்டி வேலூரில் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக்கொள்ளையில் காளி வேடமிட்டுச் சுடுகாட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்து ஊர் ஓடி ஒளிவதில்லை, கும்பிடுகிறது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் பூசலில் வெட்டுப்பட்டுச் செத்த வீரனின் நடுகல் வேடியப்பனாகி, பொங்கலும் பலியும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலைப் புரட்டினால், அகாலமாக இறந்தவனை இந்த மண் எவ்வளவு அக்கறையாகப் பெயரும் ஊரும் சொல்லிப் பதிந்து வைத்தது என்று தெரியும்.

இப்படியொரு விளையாட்டுக்கு நான் நினைக்கும் களம் புதூர்நாடு. செங்கத்துக்கு வடக்கே எழும் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் வரகும் விளைவிக்கும் ஊர். இங்கே மாளிகையைத் தேடினால் கிடைக்காது. மாளிகை ஜமீனின் சொத்து, சமவெளியின் நினைவு. ஆனால் இதே மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம், பெருங்கற்காலக் கற்திட்டைகள் உள்ளன. பலகைக்கல்லை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே இன்னொன்றை மூடி வைத்தவை. சிலவற்றில் ஓர் ஆள் குனிந்து நுழைய முடியாத அளவுக்குச் சிறிய, வட்டமான துளை இருக்கும். ஒருகாலத்தில் குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகள் இவை என்பது மலைமக்கள் சொல்லும் கதை. இறந்தோர் நினைவாக எழுப்பியவை என்பது தொல்லியல். குடியிருந்தவர்கள் யாரென்று தெரியாத வீடு, உள்ளே போக வேண்டுமானால் உடம்பே சிறுத்தாக வேண்டிய வாசல்: உருமாற்றக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை எந்த ஐரோப்பியக் கோட்டையும் தராது.

இதெல்லாம் மூடநம்பிக்கைக்குத் தீனி போடுவதாகாதா என்று கேட்பார்கள். பேயோட்டுவதாகச் சொல்லி மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிப்போட்ட ஏர்வாடியில் 2001இல் தீ விபத்து நடந்தபோது, ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் சங்கிலிக்குப் பின்னால் இருந்த நினைப்பு, மாறிவிட்டவர் மனிதர் அல்லர் என்பதுதானே? சுடுவதை மட்டும் கற்றுத்தரும் விளையாட்டு அந்த நினைப்பையே உறுதிசெய்கிறது. எதிரில் இருப்பவரின் பேச்சைக் கேட்டால்தான் அடுத்த கதவு திறக்கும் என்று விதி வகுத்த விளையாட்டு அதற்கு எதிர்த்திசையில் போகும். பேய் உண்டு என்று அது சொல்லவே வேண்டியதில்லை.

துப்பாக்கி இல்லாவிட்டால் யார் விளையாடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. சுவீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட 'அம்னீசியா' விளையாட்டில் நாயகனிடம் ஓர் ஆயுதமும் கிடையாது. உலகம் முழுக்க அதைப் பயந்து பயந்து விளையாடியது. உள்ளூர்க் கதை வெளியூரில் எடுபடாது என்பதற்குத் தைவானின் ரெட் கேண்டில் குழு 2017லேயே பதில் சொல்லிவிட்டது. இராணுவச் சட்டக் காலத்து அடக்குமுறையை ஒரு பள்ளிக்கூடப் பேய்க்கதையாக்கிய அவர்களின் 'டிடென்ஷன்', 2019இல் திரைப்படமாகவும் வந்தது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மட்டும் வைத்து டொரான்டோவின் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா', 2024இல் பாஃப்டா விருது பெற்றது. இட்லி அவிப்பதை உலகம் பொறுமையாக விளையாடியிருக்கிறது.

எனக்கே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. சாமி வருவதும் முன்னோர் கல்லும் மலைமக்களுக்கு வழிபாடு. அதை எடுத்துப் பொழுதுபோக்காக விற்கும் உரிமை சமவெளியில் கணினி வைத்திருப்பவருக்கு எப்படி வரும்? சினிமா இதைப் பலமுறை கேட்காமலே செய்து, மலைவாழ் மக்களைக் கேலிக்கூத்தாக்கியது. இதற்குச் சாமர்த்தியமான பதில் கிடையாது, வேலைமுறையில்தான் பதில் இருக்கிறது. புதூர்நாட்டுக் கதையென்றால் அங்கே கதை சொல்லும் பெரியவர்களும் படித்த இளைஞர்களும் எழுத்துக் கட்டத்திலேயே குழுவில் இருக்க வேண்டும். பாத்திரங்கள் பேசுவது அவர்கள் வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்க வேண்டும். எந்தச் சடங்கைக் காட்டலாம், எது வெளியாருக்கு ஆகாது என்று அவர்கள் சொல்வதே முடிவு. பெயர்ப் பட்டியலில் இடமும் வருமானத்தில் பங்கும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.