முன்னே வழுக்கும், பின்னே பற்றும்

தானா ராத்தாவில் பனி என்றால் மூடுபனியே. விடியற்காலையில் தேயிலைச் சரிவுகளை மூடிக் கிடந்து, வெயில் ஏறியதும் கலைந்துவிடும் அந்தப் பனியைத்தான் நம் பிள்ளைகள் அறிவார்கள். இம்மலையூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருந்தும் இங்கு வெண்பனி பெய்வதில்லை. நிலநடுக்கோட்டுக்கு இத்துணை அண்மையில் வெண்பனி நிலைத்து நிற்க வேண்டுமாயின் இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான உயரம் வேண்டும். ஆதலின், வெண்பனிமேல் சறுக்கிச் செல்லும் கட்டையைப் பற்றி இவ்வூரிலிருந்து ஒருவன் எழுதப் புகுந்தால் அன்பர்கள் வியப்படையக் கூடும். எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி நார்வே நாட்டில் வாழ்கிறாள். அவள் கணவர் யாழ்ப்பாணத்தவர். அந்நாட்டுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு நம்மிற் பலர் எண்ணுவதைவிடப் பழையது. 1956-இல் அந்தோனி இராசேந்திரம் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞர் அங்குச் சென்றார். எழுபதுகளில் இளைஞர் பலர் அங்குள்ள மக்கள் கல்விக்கூடங்களில் பயிலப் போயினர். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் ஏதிலிகளாகச் சென்றோர் மிகப் பலர். அவர்களுள் ஒரு சாரார் நாட்டின் வடகோடியாகிய பின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். பனை நிழலில் வளர்ந்தவர்கள் பனிநிலத்தில் பிள்ளை வளர்க்க வேண்டியதாயிற்று.

அங்குப் பள்ளிப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகளோடு காட்டுக்கும் மேட்டுக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். எட்டு வயதுள்ள என் மருமகனும் அவ்வாறு சென்றான். சமநிலத்தில் மற்றவர்களோடு ஒருவாறு ஒத்துச் சென்றவனுக்குச் சிறு மேடு ஒன்று வந்ததும் கால் நிற்கவில்லை. ஓரடி முன்னே வைத்தால் ஓரடி பின்னே வழுக்கியது. தோழர்கள் மேலே ஏறிப் போய்விட்டனர். இவன் பாதி மேட்டில் நின்று அழுதான். வீடு திரும்பியதும், “எனக்கு இது வராது அம்மா” என்றானாம். தாய்க்கும் தந்தைக்கும் சறுக்கிப் பழக்கமில்லை. நம் பிள்ளைக்கு இது வராதுதான் போலும் என்று அவர்களும் முடிவு கட்டிவிட்டனர்.

சில நாள் கழித்து, பக்கத்து வீட்டு மூதாட்டியார் அக்கட்டைகளைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தார். அடிப்பகுதியைக் கையால் தடவிவிட்டு, “இதில் பற்றுவதற்கு ஒன்றுமே இல்லையே, பிள்ளை எப்படி ஏறுவான்?” என்று கேட்டார். தம் வீட்டிலிருந்து மயிர் அடர்ந்த இரண்டு பட்டைகளைக் கொண்டுவந்து, அளவாக வெட்டி, கட்டைகளின் அடியில் ஒட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் பையன் அதே மேட்டில் ஏறினான். அவன் கால்களில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிய தங்கை, தேய்ந்துபோன பழைய பட்டை ஒன்றில் ஒரு சாண் நீளத்தை வெட்டிக் கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். அதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை மாறி மாறிச் சென்றது. “பூனை முதுகு மாதிரி இருக்குங்க சார்” என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த நூலிலும் காணவில்லை. பூனையைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் மயிர் எதிர்த்து நிற்கும், பூனையும் சீறும்.

இனி, கட்டைக்கு வருவோம். ‘ஸ்கீ’ என்று உலகம் வழங்கும் சொல் பழைய வடநாட்டு மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்ததாகும். நாம் ‘சறுக்குக் கட்டை’ என்பது அம்மூலப் பொருளோடு தற்செயலாகவே பொருந்தி நிற்கிறது. அதைக் கொண்டு செல்லும் முறைகளுள் இரண்டை ஈண்டுப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று மலைச்சரிவில் மேலிருந்து கீழே பாய்ந்து வருவது. அங்கு வேலையை மலையே செய்கிறது. மற்றொன்று காடும் மேடும் சமவெளியும் கடந்து நெடுந்தொலைவு செல்வது. அங்குச் செல்வோன் தன் காலால் உந்தியே முன்னேற வேண்டும்.

இந்த இரண்டாவது முறையில் ஒரு முரண் உண்டு. கட்டை முன்னே வழுக்க வேண்டும், இன்றேல் பயணமில்லை. ஆயின், உந்துகின்ற கணத்தில் அதே கட்டை நிலத்தைப் பற்றி நிற்க வேண்டும். இன்றேல் உந்தவே முடியாது. மழை பெய்த மறுநாள் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் தடத்தில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்வைக்கும் காலைவிடப் பின்னால் ஊன்றி நிற்கும் காலே நம்மை மேலே கொண்டுசெல்கிறது. அது நழுவினால், முன்கால் எவ்வளவு நீண்டாலும் நின்ற இடத்திலேயே நிற்போம்.

நம் அறிவியல் பாடங்களில் உராய்வைப் பெரும்பாலும் ஓர் இடையூறாகவே காட்டிவிடுகிறோம். எண்ணெய் இடு, உருளை வை, உராய்வைக் குறை என்பதே பிள்ளைகளின் மனத்தில் தங்குகிறது. உராய்வு இல்லையேல் நடையே இல்லை என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

முரணைத் தீர்க்க வடநாட்டார் கண்ட வழிகள் நுட்பமானவை. முதலாவது, கட்டையின் வளைவு. இரு முனைகளும் நிலத்தைத் தொட, நடுப்பகுதி சற்றே மேலெழும்பி வில்போல் இருக்குமாறு கட்டையைச் செய்வர். இரு கால்களிலும் எடையைப் பகிர்ந்து சறுக்கும்போது நடுப்பகுதி பனியை அழுத்துவதில்லை. ஒரு காலில் முழு எடையையும் இட்டு உந்தும்போது வில் தாழ்ந்து, காலடிக்கு நேர்கீழே உள்ள பகுதி பனியில் அழுந்துகிறது. ஆக, பற்ற வேண்டிய பொருளை அந்த நடுவிடத்தில் அமைத்தால் அது வேண்டும்போது மிகுதியாகவும், வேண்டாதபோது மிகச் சிறிதாகவுமே பனியைத் தொடும்.

அப்பொருள் பெரும்பாலும் மெழுகாகவே இருந்துவந்தது. பனியின் நுண்படிகங்கள் மெழுகில் சற்றே பதிந்து கட்டையை நிறுத்தும். எடை நீங்கியதும் விடுபடும். ஆனால், பனி நாளுக்கு நாள் மாறும் இயல்புடையது. கடுங்குளிரில் கூர்மையான படிகமாக இருக்கும். வெயில் பட்டால் ஈரமாகும். மீண்டும் உறைந்தால் பளிங்குபோல் ஆகும். ஒவ்வொன்றுக்கும் மெழுகு வேறு. வெப்பநிலை சுழி அளவை ஒட்டி ஏறி இறங்கும் நாள்களில் தேர்ந்தவர்களும் தடுமாறுவர். மெழுகு தவறினால் ஒன்று கட்டை வழுக்கிப் பின்வாங்கும், அல்லது அதன் அடியில் பனி கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

மயிர்ப்பட்டைக்கு இத்தொல்லை குறைவு. பட்டையின் மயிர் கட்டையின் பின்முனையை நோக்கிச் சாய்ந்திருக்கும். கட்டை முன்னே செல்லும்போது மயிர் படிந்து வழிவிடும். பின்னே நழுவ முயன்றால் மயிர்நுனிகள் பனியில் குத்தி நிற்கும். கூர்வாலுள்ள புற்கதிர் ஒன்றைச் சட்டைக் கைக்குள் விட்டு, கையை ஆட்ட ஆட்ட அது மேலேறி வருவதைக் கண்டு சிரித்திருக்கிறோம் அல்லவா? இரு பக்கமும் ஆடும் அசைவிலிருந்து ஒரு பக்கத்துச் செலவை மட்டும் அக்கதிர் பெறுகிறது. சறுக்குக் கட்டையின் தோலும் அதையே செய்கிறது.

இவ்வுத்தி புதியதன்று. சீனத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள அல்தாய் மலைவாழ் மக்கள் மயிரோடு கூடிய குதிரைத்தோலைக் கட்டையின் அடி முழுதும் போர்த்திச் செல்வதை இன்றும் காணலாம். 1555-இல் வடநாட்டு மக்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட சுவீடன் நாட்டு ஒலாவுஸ் மாக்னுஸ், கலைமான் கன்றின் தோலைக் கட்டையின் அடியில் பொருத்தும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார். நார்வேயின் சில பகுதிகளில் முன்னாளில் இரு கால்களுக்கும் இருவேறு கட்டைகள் இருந்தன. ஒன்று வழுக்கிச் செல்வதற்கான நெடுங்கட்டை. மற்றது தோல் போர்த்த குறுங்கட்டை, உந்துவதற்கு. வழுக்கலையும் பற்றலையும் ஆளுக்கொரு காலாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள்! 1888-இல் ஐந்து துணைவரோடு கிரீன்லாந்தின் பனிப்பாழைக் குறுக்கே கடந்த பிரித்யோப் நான்சென், தம் கட்டைகள் சிலவற்றின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு பதித்து, காலடிக்கு நேரான இடத்தில் மட்டும் தகட்டைத் திறந்துவிட்டு, அங்கே மயிரோடு கூடிய மானினத் தோற்பட்டையைச் செருகியிருந்தார். இன்று கடைகளில் புதுமையென்று விற்கப்படும் தோற்கட்டையின் அமைப்பும் ஏறக்குறைய அதுவே.

நிலையாகப் பதித்த தோலில் ஒரு குறை உண்டு. எவ்வளவு படிந்தாலும் மயிர் சிறிது இழுக்கவே செய்யும். ஏற்றத்தில் அது பொருட்டன்று. நீண்ட சமவெளியிலும் இறக்கத்திலும் வேகத்தைக் குறைக்கும். ஆதலின் எழுந்ததே கழற்றி மாட்டும் தோல். யாழ்ப்பாணத்தவராகிய என் மைத்துனருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு கணமும் ஆகவில்லையாம். “இது தளைநார்தானே!” என்றாராம். பனையேறுவோர் இரு பாதங்களையும் இணைத்து மாட்டிக்கொள்ளும் நார்வளையமே தளைநார். மரத்தில் அது பாதத்துக்குப் பிடி கொடுக்கும். தரைக்கு வந்ததும் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வர். மாட்டியபடியே நடக்க முயல்பவன் விழுவான். அவர் ஒப்புமை மிகப் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். வேறுபாடு ஒன்றுண்டு: தளைநாரில் உடலின் எடையும் பாதங்களின் நெருக்கமும் பிடியைத் தருகின்றன, தோலிலோ மயிரின் சாய்வு தருகிறது.

கழற்றும் தோலில் இருவகை உண்டு. கட்டையின் அடி முழுதும் நீளும் நெடுந்தோல் ஒன்று. செங்குத்தான ஏற்றத்துக்கும், பின்னால் சுமைவண்டியை இழுத்துச் செல்வோர்க்கும் அது உரியது. காலடிப் பகுதிக்கு மட்டுமான குறுந்தோல் மற்றொன்று. மேடுபள்ளமான நாட்டுக்கு அது போதும். பொருத்தும் வகையும் ஒன்றன்று. சிலவற்றில் தோலின் முனையிலுள்ள கொக்கியைக் கட்டையின் அடியிலுள்ள பிளவில் மாட்டுவர். சிலவற்றின் பின்புறத்தில் திரும்பத் திரும்ப ஒட்டக்கூடிய பசை இருக்கும். காந்தத்தால் பற்றி நிற்பனவும் வந்துள்ளன. மயிர் பெரும்பாலும் அங்கோரா ஆட்டினது, அல்லது நைலான், அல்லது இரண்டும் கலந்தது. ஆட்டுமயிர் நன்றாக வழுக்கும்; நைலான் நெடுநாள் உழைக்கும். கலப்பையே பலரும் விரும்புவதில் வியப்பில்லை.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உள. ஒட்டுமுன் கட்டையின் அடியைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. மயிர் எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கையால் தடவி அறிந்தே மாட்ட வேண்டும்: முன்முனையிலிருந்து பின்முனைக்குத் தடவும்போது வழுக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டால் முன்னே செல்வது அரிது, பின்னே செல்வது எளிது! கழற்றியபின் பசைமேல் பனி படவிடாமல், பசையோடு பசை சேர மடித்து, மேற்சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வர். கடுங்குளிரில் பசை இறுகிவிடும். உடற்சூடு அதைக் காக்கும். வீட்டில் அடுப்பருகே வைத்துக் காய்ச்சாமல் காற்றாடத் தொங்கவிட வேண்டும்.

தோலுக்கும் பகை ஒன்று உண்டு. ஈரப்பனியில் நனைந்த மயிர், உடனே நிழலிலுள்ள உலர்ந்த குளிர்பனியில் பட்டால் உறைந்து கட்டியாகும். அப்போது அது முன்னேயும் செல்லாது. நீரை ஏற்காத பூச்சை முன்கூட்டியே இடுவதும், சறுக்குமெழுகைத் தேய்ப்பதும், அத்தகைய இடத்தில் நில்லாமல் செல்வதும் இதற்குப் பரிகாரம்.

தமிழாசிரியர்கள் பெயரைக் கேட்பர் என்பதை அறிவேன். ‘ஏறுதோல்’ எனலாம், ஆயின் சமநிலத்திலும் உந்துவதற்குப் பயன்படுகிறதே. ‘பற்றுத்தோல்’ என்பது செயலைச் சுட்டுவதால் எனக்கு உகந்ததாகப் படுகிறது. இக்காலத்துப் பட்டை நெய்த துணியன்றோ, அதைத் தோல் என்னலாமோ என ஒரு நண்பர் தடை எழுப்பினார். எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காயிலிருந்து எடுத்ததையும் எண்ணெய் என்றே சொல்கிறோம், கடைக்காரர் மறுப்பதில்லை. நார்வேயினரும் நைலான் பட்டையை விலங்குத் தோலைக் குறிக்கும் பழஞ்சொல்லாலேயே அழைக்கிறார்கள். இதனினும் நல்ல சொல் அன்பர்களிடம் இருப்பின் மகிழ்ந்து ஏற்பேன்.

அந்தச் சாண் பட்டையை ஒரு மரக்கட்டையின் அடியில் ஆணியடித்துப் பொருத்தினோம். சாய்வுப் பலகையொன்றில் முரட்டுத் துவாலையை விரித்து, கட்டையை அதன்மேல் வைத்துப் பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். மயிர்நுனிகள் மேல்நோக்கி இருந்தபோது கட்டை விரைவில் சறுக்கி இறங்கியது. திருப்பி வைத்ததும் அதே சாய்வில் அசையாமல் நின்றது. பலகையை மேலும் மேலும் உயர்த்தச் சொல்லி வகுப்பே கூவியது. வேறு எப்பொருளும் இன்றி, அதே கட்டை, அதே எடை, அதே துவாலை; திசை மட்டும் வேறு. வழக்கமாகப் பின்வரிசையில் வாய் திறவாமல் இருக்கும் ஒரு பையன், “அப்போ ஏறி முடிச்சதும் அதைக் கழட்டிடணும், இல்லைன்னா இறங்கறப்ப இழுக்கும்” என்றான். அதை நான் அதுவரை அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தங்கைக்கு இதை எழுதினேன். மருமகன் இப்போது மேட்டின் உச்சியில் தானே குனிந்து இரு தோல்களையும் உரித்து மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறானாம். கையுறையைக் கழற்ற மறுப்பதால் சற்று நேரம் பிடிக்கிறதாம்.