ஒரு நாள் விருந்தாளி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி ஓரிக்கை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் புகழ்ந்து பாடும்படி பல்லவ மன்னன் அவரைக் கேட்டான். அவர் மறுத்துவிட்டார். "நாட்டை விட்டுப் போ" என்றான் மன்னன். சீடர் கிளம்பினார். குருவும் கிளம்பினார். குரு அழைத்தவுடன், திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்! அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பிறகு மன்னன் மன்னிப்புக் கேட்டான். எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள்.

பெருமாள் ஓர் இரவு தங்கிய ஊர் அது. ஒரே ஒரு பகல் தங்கும் பூ ஒன்றும் உண்டு. அந்த ஊர் வீடுகளின் கொல்லையில் அதை வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் செடியைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

அல்லியும் அல்ல, லில்லியும் அல்ல!

நர்சரிக்காரர்கள் இதை 'டே லில்லி' என்பார்கள். நாம் 'ஒருநாள் லில்லி' என்று சொல்லலாம். காலையில் மலரும் பூ, இரவுக்குள் வாடிவிடும். மறுநாள் வேறொரு மொட்டு விரியும்.

பெயரைக் கேட்டு, குளத்து அல்லி என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான லில்லிச் செடியும் அல்ல. லில்லி வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைக்கும். இதற்கு வெங்காயம் கிடையாது. தண்ணீர்விட்டான் கிழங்கைப் போலச் சதைப்பற்றுள்ள வேர்கள் உண்டு. புல்லைப் போல நீண்ட இலைகள் தரையிலிருந்தே விசிறி மாதிரி எழும்பும். தாவர நூலார் இதைக் கற்றாழையின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். கொல்லையில் கற்றாழை இருந்தால், இது அதற்கு ஒன்றுவிட்ட தங்கை!

சீனா, ஜப்பான், கொரியா நாடுகளே இதன் தாய்வீடு. 1753-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் இதற்கு 'ஹெமரோகாலிஸ்' என்று பெயர் எழுதினார். 'ஒரு நாள் அழகு' என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அமெரிக்கர்கள் ஒட்டுச் சேர்த்துச் சேர்த்து, இன்று 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டாகிவிட்டன.

படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

80 ஆயிரத்தில் எதை வாங்குவது? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்க்கிறார்கள். "ஆகா, என்ன நிறம்!" என்று உடனே பணம் அனுப்பிவிடுகிறார்கள். செடி வருகிறது. ஒரு வருஷம் இருக்கிறது. மறுவருஷம் மெலிகிறது. மூன்றாம் வருஷம் காணோம்!

காரணம் என்ன? இந்தச் செடியில் மூன்று சாதி உண்டு. முதல் சாதி, குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். அதற்கு நல்ல குளிர் வேண்டும். காஞ்சிபுரத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது. இரண்டாவது சாதி, பாதி தூங்கும், பாதி விழித்திருக்கும். மூன்றாவது, வருஷம் முழுவதும் பச்சையாக நிற்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நம் சமவெளிக்கு இந்த மூன்றாவது சாதியே ஏற்றது. ஆகவே நர்சரியில் முதல் கேள்வி, "என்ன நிறம்?" என்பதல்ல. "குளிர்காலத்தில் இலை நிற்குமா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, "ஒரு தண்டில் எத்தனை மொட்டு?" பூ ஒரு நாள்தானே இருக்கிறது! எட்டு மொட்டு வைக்கும் தண்டு சீக்கிரம் ஓய்ந்துவிடும். இருபது மொட்டு வைக்கும் தண்டு இரண்டு மூன்று வாரம் பூத்துக்கொண்டிருக்கும். மூன்று தண்டு வந்தால் 60 பூ. கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவதுதான் நிறம். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் இருப்பதுபோல, சில ரகங்களில் இதழ் ஒரு நிறம், ஓரம் ஒரு நிறம், தொண்டை வேறு நிறமாக இருக்கும். அழகுதான். ஆனால் கருஞ்சிவப்பும் ஊதாவும் உச்சி வெயிலில் சாயம் போனதுபோல வெளிறும். மஞ்சளும் ஆரஞ்சும் தாங்கும். ஒன்று நினைவிருக்கட்டும். அசல் நீல நிறத்தில் இந்தப் பூ இதுவரை கிடையாது. நீலப் பூவின் படத்தைக் காட்டி விதை விற்றால் வாங்காதீர்கள்.

விதையே வேண்டாம் என்பேன். தாய்ச் செடியின் குணம் விதையில் அப்படியே வராது. பூக்க இரண்டு மூன்று வருஷமும் ஆகும். வேரோடு பிரித்த கன்றாக வாங்குங்கள்.

நடுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழிக் கடைசியிலோ தையிலோ நடுவது நல்லது. மழை நாளில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும். ஆகவே பாத்தியை அரை அடி உயர்த்திக்கொள்ளுங்கள். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலக்கலாம். வேரும் இலையும் சேரும் இடம், மண்ணுக்குள் ஓர் அங்குலம் இருக்கட்டும். அதற்கு மேல் ஆழம் கூடாது. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். இடமில்லாதவர்கள், அடியில் ஓட்டையுள்ள ஓர் அடி அகலத் தொட்டியில் ஒரு கன்று வைக்கலாம்.

காலை வெயில் நன்றாக விழ வேண்டும். பிற்பகலில் முருங்கை நிழலோ சுவர் நிழலோ கிடைத்தால் நல்லது. கத்திரி வெயிலில் மொட்டு உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். வேருக்கு ஈரம் இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். அசுவினி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய். அந்த இலைகளை வெட்டி எரித்துவிடுங்கள்.

மூன்று நான்கு வருஷத்தில் ஒரு கன்று புதராகிவிடும். தோண்டிப் பிரித்தால் பல கன்றுகள். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

சீனாவில் ஒருநாள் லில்லியின் சில வகை மொட்டுகளைக் காயவைத்துச் சமைக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டு, லில்லி போலத் தெரியும் எதையும் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள்! நம் வேலிகளில் படரும் செங்காந்தளைப் பாருங்கள். அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு.

வேறுபாடு சுலபம். செங்காந்தள் கொடி, இலை நுனியால் பற்றிக்கொண்டு ஏறும். இதழ்கள் பின்னால் வளைந்து தீப்பிழம்பு போல நிற்கும். கிழங்கு கலப்பை வடிவில் இருக்கும். ஒருநாள் லில்லி ஏறாது, படராது. இந்த அடையாளத்தைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் எதையும் வாயில் வைக்கக் கூடாது. தப்பித் தவறி யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பூனை வளர்க்கும் வீடுகளில் ஒருநாள் லில்லியே வேண்டாம். அதைத் தின்னும் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும்.

இந்தப் பூ மாலை கட்ட உதவாது. தலையில் சூடவும் தாங்காது. அப்படியானால் என்ன பயன் என்று கேட்கலாம். காலையில் எழுந்து கொல்லைக் கதவைத் திறக்கும்போது, நேற்று இல்லாத ஒரு பூ இன்று நிற்கும். வாடிய பூவைக் கிள்ளிப் போடும் வேலையைக் குழந்தைகளிடம் விடுங்கள். அடுத்த மொட்டு எது என்று அவர்களே எண்ணிச் சொல்லுவார்கள்.

விருந்தாளி ஒரு நாள்தான் தங்குவார். நல்ல செடியாகப் பார்த்து வைத்தால், மறுநாள் இன்னொரு விருந்தாளி வருவார்.