தானே அணைந்தெழும் கணினி: ஆராயும் முறை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இன்று பல இல்லங்களில் கணினி இடம் பெற்றுள்ளது. பிள்ளைகளின் பாடம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் பற்றிய செய்தி, வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதிலேயே பார்க்கின்றனர். அக்கணினி திடீரென அணைந்து தானே எழுமாயின், அல்லது எவரும் தொடாதபோதும் இணையப் போக்குவரத்து ஓயாது நிகழுமாயின், கள்வன் புகுந்தானோ என ஐயுறுதல் இயல்பே. ஆயினும், ஆராயாமல் முடிவுக்கு வருதல் கூடாது.

இவ்வையத்திற்கு ஆதாரம் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய ‘பிளாஸ்டர்’ என்னும் கணினிப்புழு, 60 விநாடி அவகாசம் காட்டிக் கணினிகளை அணைத்து எழுப்பியது. 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல், கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலுள்ள தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளையும் தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவைத்து 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் ஏற்றாத கணினிகளே பெரிதும் இடருற்றன.

முதற்கண் ஆராய வேண்டியவை மின்சாரமும் வெப்பமும் ஆகும். உப்புக்காற்று இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். தூசு விசிறியை அடைக்கும். கணினி அணையும் நாளையும் நேரத்தையும் ஓர் ஏட்டில் குறித்து வருக. அதே வேளையில் விளக்கும் மங்கினால் குறை மின்சாரத்தில் இருக்கலாம். விண்டோஸ் கணினியின் ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் பதிவேட்டில், ‘சிஸ்டம்’ பகுதியில் 41 என்ற எண் காணப்பட்டால், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பது பொருள். 1074 எனில், ஏதோ ஒரு நிரலோ பயனரோ அணைக்கச் சொன்னதாகும். அதன் பெயரும் அங்கே இருக்கும். பெரும்பாலும் அது வழக்கமான புதுப்பிப்பே.

அடுத்தது இணையப் போக்குவரத்து. ‘பாடு’ முறைப்படி எந்நாளில் எவ்விடத்தில் எவர் வலையிடலாம் என்பதை நம் மீனவர் அறிவர். முறையற்ற படகு வந்தால் உடனே கண்டுகொள்வர். கணினியிலும் அவ்வாறே காணலாம். ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திரையின் ‘நெட்வொர்க்’ பக்கம், எந்நிரல் வெளியுலகோடு தொடர்பு கொள்கிறது என்று காட்டும். புதுப்பிப்பும் படச்சேமிப்பும் முறையானவை. பெயரறியாத நிரலையே விசாரிக்க வேண்டும். வைஃபை ரவுட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலையும் பார்த்து, அறியாதது இருப்பின் கடவுச்சொல்லை மாற்றுக.

ஐயம் உறுதிப்பட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வைரஸ் சோதனை செய்க. நம்பகமான வேறு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுக. பணம் பறிபோயிருப்பின், தாமதியாது வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பழுது நீக்குவதாகத் தொலைபேசியில் அழைக்கும் அந்நியரிடம் கணினியை ஒப்படைத்தல் ஆகாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதையும் நினைவில் கொள்க. முக்கியக் கோப்புகளைத் தனி வட்டில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பது நன்று. ஊராட்சி உறுப்பினர்கள் தம் அலுவலகத்தில் இவ்வழக்கத்தை முதலில் மேற்கொண்டால், குப்பத்து இல்லங்களும் பின்பற்றும். கிழிந்த வலையைக் கடலுக்குப் போகுமுன் செப்பனிடுவோர்க்கு இது அரிய செயலன்று.